ஆடும் பிள்ளைகள் பார்க்கவும் வேண்டும்

மதுரையில் பரதம் கற்கும் பிள்ளைகளுக்கு மேடைக்குப் பஞ்சமில்லை. நவராத்திரி வந்தால் மீனாட்சியம்மன் கோயிலில் தொடங்கி தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை எங்காவது ஓர் இடம் கிடைத்துவிடும். பள்ளி ஆண்டு விழா, சலங்கை பூஜை, கும்பாபிஷேகம் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் அதே பிள்ளை, தேர்ந்த கலைஞர்கள் ஆடும் ஒரு முழு நிகழ்ச்சியை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருக்குமா? என் வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வருகிறது. தன் உருப்படி முடிந்ததும் மேக்கப் கலையாமல் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது, பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்து ஆடுகிற குழந்தை காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடுகிறது. மற்றபடி இவர்கள் பார்த்த நடனமெல்லாம் கைபேசியில் ஓடும் ஒரு நிமிடத் துண்டுகள்தான்.

நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. ஆடக் கற்றுக்கொடுக்கிறோம், பார்க்கக் கற்றுக்கொடுப்பதே இல்லை. சங்கீதம் படிக்கும் பிள்ளையிடம் ‘நிறையக் கேள்’ என்று வாத்தியார் சொல்லாமல் விடமாட்டார். நாட்டியத்தில் ‘நிறையப் பார்’ என்று ஏன் சொல்வதில்லை?

அதனால் இந்தக் கோடை விடுமுறையில் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு சின்ன அரங்கை அரை நாளுக்கு வாடகைக்குப் பிடித்து, வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஐரோப்பிய மேடை நடனமான பாலேயில் ஒரு முழு நாடகத்தைத் திரையிட்டோம். பாலேயில் மிகப் பெரிய தேவதைக் கதையான ‘தூங்கும் அழகி’. லண்டன் ராயல் பாலே குழு தன் மேடையில் ஆடியதன் ஒளிப்பதிவு. மதுரையில் பாலேயை நேரில் பார்க்க வழியில்லை. சரி, பெரிய திரையும் நல்ல ஒலிபெருக்கியும் இருட்டும் இருந்தால் பாதி தூரமாவது போய்விடலாம் என்று நினைத்தேன். நிகழ்ச்சிக்குப் போவதைப் போலவே உடுத்திக்கொண்டு வரச் சொன்னோம். கைபேசிகளை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும், பெற்றோரும்தான். நடுவில் எழுந்து போகக் கூடாது, இடைவேளையில் சுண்டலும் மோரும் உண்டு. இடைவேளைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஏழு வயதுப் பிள்ளைகள் அவ்வளவு நேரம் உட்காருவார்களா என்று எல்லோருக்கும் பயம். உட்கார்ந்தார்கள்.

இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. 1890-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மரின்ஸ்கி அரங்கத்தில்தான் இது முதலில் மேடையேறியது. சார்ல் பெரோ எழுதிய பிரெஞ்சுக் கதை, சைக்கோவ்ஸ்கியின் இசை, மாரியுஸ் பெட்டிபாவின் நடன அமைப்பு. அந்த ஊரில் துணி வெளுத்துப் பிழைத்த ஒரு பெண், தன் மகளை இந்த நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மகளுக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். கூட்டமாக ஆடியவர்களைக் காட்டி, ‘நீயும் இப்படி ஆடுகிறாயா’ என்று அம்மா கேட்டபோது, இளவரசியாக வந்தவளைப் போலத்தான் ஆடுவேன் என்று அந்தக் குழந்தை சொன்னதாம். வயது போதாது என்று நடனப் பள்ளியில் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. பத்து வயதில் சேர்ந்தாள். அவள்தான் அன்னா பாவ்லோவா. பின்னாளில் அதே இளவரசி அரோராவாகவும் ஆடினார்.

பாவ்லோவா உலகமெல்லாம் கப்பலேறிப் போய் ஆடியவர். இந்தியாவுக்கும் வந்தார். 1920-களின் கடைசியில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, அவரோடு பழகி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்கவும் தொடங்கினார் ஒரு தமிழ்ப் பெண். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவாதான். அந்தப் பெண் ருக்மிணி தேவி. பிறந்தது 1904 பிப்ரவரி 29, பிறந்த ஊர் மதுரை! இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சத்தம் எழுந்ததே, அதற்காகவே இன்னொரு தரம் சொல்லலாம் போலிருந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு குழந்தை ஒரு நாடகத்தைப் பார்த்தது. வளர்ந்தபின் அவள் ஆட்டத்தை மதுரையில் பிறந்த ஒரு பெண் பார்த்தாள். அந்தப் பெண் 1936-இல் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். என் டீச்சரின் டீச்சர் படித்தது அங்கேதான். ஆக, எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்த வழியில் பார்த்தவர்களும் உண்டு, ஆடியவர்கள் மட்டும் இல்லை.

இந்த வரலாற்றை இதோடு நிறுத்துவது நியாயமாகாது என்பதால் பெரிய பிள்ளைகளிடம் மீதியையும் சொன்னேன். ருக்மிணி தேவி தேடிப் போனபோது இந்த ஆட்டம் எங்கேயோ புதைந்து கிடக்கவில்லை. கோயில்களைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காலில் வைத்திருந்தன. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். 1947-இல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ஆட்டம் வேறு வீடுகளுக்குள் வந்துசேர்ந்தது. அதைக் காத்துக் கொடுத்த வீட்டுப் பெண்களுக்கோ மேடை இல்லாமல் போனது. பதிமூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியும். புரிய வேண்டும். சலங்கை கட்டுகிற காலுக்கு அது யார் கொடுத்த சலங்கை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் அப்பா மட்டும் கொஞ்சம் தயங்கினார். “நம்ம கலையைப் படிக்கத்தானே அனுப்புறோம், எதுக்கும்மா வெளிநாட்டு டான்ஸு?” என்றார். கேட்டது நியாயமான கேள்விதான். அவரிடம் 1838-ஐப் பற்றிச் சொன்னேன். கடலூர்ப் பக்கம் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த ஆடற்பெண்கள் அந்த ஆண்டு கப்பலேறிப் பாரிசுக்குப் போய் ஆடினார்கள். அம்மணி என்ற பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்துத் தியோஃபில் கோத்தியே என்ற கவிஞர் பக்கம் பக்கமாக எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1841-இல், ‘ஜிசெல்’ என்ற புகழ்பெற்ற பாலேக்குக் கதை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். 1877-இல் பெட்டிபா ஒரு கோயில் ஆடற்பெண்ணையே நாயகியாக வைத்து ‘லா பயாதேர்’ என்ற பாலேயை அமைத்தார். அவர்கள் அன்றைக்கே நம்மைப் பார்த்திருக்கிறார்கள். நாம் அவர்களைப் பார்ப்பதில் நம் கலைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. அந்த அப்பா திரையிடலுக்கு வந்தார், கடைசிவரை இருந்தார்.

இனி நாடகத்துக்கு வருகிறேன். கதையை முன்கூட்டிச் சொல்லிவிடாமல் இருந்தது பெரிய நன்மையாகப் போயிற்று. பாலேயில் பாட்டு இல்லை, வசனம் இல்லை. நம் பிள்ளைகள் அபிநயத்தைச் சாகித்தியத்தோடு, அதாவது பாட்டின் வரிகளோடு, சேர்த்தே பார்த்துப் பழகியவர்கள். ‘கண்ணன்’ என்று பாட்டில் வந்ததும் கை புல்லாங்குழல் பிடிக்கும். வார்த்தையே இல்லாமல், உடம்பை மட்டும் பார்த்துக் கதையைப் பிடிக்கிற வேலை அவர்களுக்கு அன்றைக்குத்தான் வந்தது.

முதல் காட்சி இளவரசிக்குப் பெயர் சூட்டும் விழா. தேவதைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு வரம் தருகிறார்கள். அழைக்க மறந்துபோன ஒருத்தி, கரபோஸ், எலிகள் இழுக்கும் வண்டியில் கோபத்தோடு வந்து இறங்குகிறாள். அழைப்புப் பட்டியல் வைத்திருந்த அரண்மனைக்காரரின் பொய்முடியைப் பிடித்து அவள் இழுத்ததும் அரங்கமே சிரித்தது. அப்புறம் அவள் சாபமிடத் தொடங்கினாள். இந்த இடத்தில் பிள்ளைகள் வாய்விட்டு மொழிபெயர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. கை தரையருகே தொடங்கி மேலே ஏறுகிறது: “பாப்பா வளருது.” முகத்தைச் சுற்றி விரல்கள் ஒரு வட்டம் போடுகின்றன: “அழகா இருக்கா.” ஒரு விரலை மற்றொரு கை தொட்டுக் குத்துகிறது: “முள்ளு குத்துது மிஸ்!” அதன்பின் கரபோஸ் இரண்டு கைகளையும் முட்டியாக்கி, மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் கீழே அழுத்தினாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “கட்டிப்போடப் போறாங்க” என்றது ஒரு குரல். “இல்ல, செத்துப்போயிரும்ங்கறா” என்றாள் ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண். பாலேயில் அந்த முத்திரைக்குச் சாவு என்றுதான் பொருள். எப்படித் தெரிந்தது என்று இடைவேளையில் கேட்டேன். “கையைப் பாக்கல மிஸ், அந்த ராணி மூஞ்சியப் பாத்தேன்” என்றாள்.

இத்தனை வருடமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று சுலோகம் சொல்ல வைக்கிறோம், மனப்பாடமும் ஆகிவிடுகிறது. ஆனால் மேடையில் ஒருவர் பேசும்போது எதிரே நிற்பவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதில்தான் பாதி அபிநயம் இருக்கிறது. தனியாகவே ஆடிப் பழகிய பிள்ளைக்கு அதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. அந்தப் பெண் தானாகவே கண்டுகொண்டாள்.

கடைசித் தேவதை முன்னால் வந்து, கன்னத்தில் கைகளைச் சேர்த்துத் தலையைச் சாய்த்ததும் ஒரே குரலாக “தூங்குது” என்றார்கள். அதற்கு யாரும் எந்த நாட்டிலும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இடைவேளையில் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்னவள் கேட்ட கேள்வியை இங்கே எழுதாமல் விடமுடியாது. “மீனாட்சிக்கும் பொறந்தப்பவே இப்படித்தானே மிஸ் சொன்னாங்க?” மலையத்துவச பாண்டியனுக்கு வேள்வித் தீயில் மூன்று தனங்களோடு பெண் குழந்தை வந்ததும், அரசன் மனம் வருந்தியதும், ஆண்பிள்ளை போல் வளர்த்து முடிசூட்டு, கணவனைக் காணும்போது ஒன்று மறையும் என்று வானிலிருந்து குரல் வந்ததும் இந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். சித்திரை மாதம் பட்டாபிஷேகமும் திக்குவிஜயமும் திருக்கல்யாணமும் பார்த்து வளர்கிறவர்கள். “ஆனா மீனாட்சி தூங்கல, சண்டைக்குப் போயிட்டாங்க” என்று அவளே முடித்துவைத்தாள். பக்கத்தில் நின்ற அக்காமார்கள் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்கள். அரோரா நூறு வருஷம் படுத்திருக்க, தடாதகை என்று பெயர் பெற்ற மீனாட்சி எட்டுத் திசையையும் வென்று கயிலாயம் வரை படையோடு போகிறாள். இதை ஒரு நாட்டிய நாடகமாகப் போடலாமே என்று அங்கேயே பாத்திரம் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கும் நந்தி வேடம் வேண்டாமாம்.

அடுத்த பகுதியில் வருகிற ‘ரோஸ் அடாஜியோ’ பாலே உலகத்தில் ஆடுபவரைச் சோதிக்கிற இடம் என்று பேர் வாங்கியது. பதினாறு வயது அரோராவைப் பெண் கேட்டு நான்கு இளவரசர்கள் வருகிறார்கள். அவள் ஒற்றைக் கால் நுனியில் நிற்கிறாள். மற்றொரு கால் பின்னால் மடிந்து உயர்ந்திருக்கிறது. ஒருவன் கையைப் பிடிக்கிறாள், விடுகிறாள், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வளைத்துத் தனியே நிற்கிறாள், பிறகு அடுத்தவன் கை. நான்கு பேர் முடியும்வரை அந்தக் கால் இறங்குவதில்லை. முகத்தில் சிரிப்பு மாறுவதில்லை.

பெற்றோர் ரசித்துக் கைதட்டினார்கள். பிள்ளைகள் கைதட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். என் முன்வரிசையில் இருந்த ஒருத்தி தன் தொடையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முட்டி மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து முழு ஜதியும் ஆடி, தொடை நடுங்கியும் எழக் கூடாது என்று நின்ற பிள்ளை அவள். திரையில் இருந்த காலின் வலி அவளுக்குத் தெரிந்திருந்தது.

மதுரையில் இதற்கொரு பழைய கதை இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசர் மற்ற ஊர்களைப் போல இடது காலைத் தூக்கி ஆடுவதில்லை, வலது காலைத் தூக்கி ஆடுகிறார். திருவிளையாடல் புராணத்தில் கால் மாறி ஆடிய படலம் அதற்குக் காரணம் சொல்கிறது. அறுபத்து நான்கு கலைகளில் பரதம் ஒன்றை மட்டும் கற்காமல் இருந்த ராசசேகர பாண்டியன், பிறகு அதையும் கற்கத் தொடங்கினான். கற்கும்போது உடம்பெல்லாம் நோவெடுத்தது. அந்த நோவோடு கோயிலுக்குப் போய் நின்றபோதுதான், எப்போதும் ஒரே காலில் நின்றாடும் ஆண்டவனுக்கு அந்தக் கால் எவ்வளவு வலிக்கும் என்று அவனுக்கு உறைத்தது. கால் மாறி ஆடியருள வேண்டும் என்று கெஞ்சினான், இறைவன் மாற்றி ஆடினான். ஆடக் கற்றுக்கொள்கிறவன் பார்க்கிற பார்வை இது. அவன் அதற்கு முன்னும் அந்தச் சந்நிதியில் நின்றவன்தான். கண்ணில் படாதது, தன் கால் வலித்த பிறகு பட்டது. அதனால்தான் நடனம் படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்த ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போக வேண்டும் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறேன். எல்லாக் குழந்தைகளும் போகலாம், நல்லதுதான். ஆனால் இவர்கள் பார்ப்பது வேறு.

கூட்ட நடனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆண்டு விழாவில் எனக்கு மிகப் பெரிய தலைவலி வரிசைதான். என் பிள்ளை ஏன் பின்னால் நிற்கிறாள் என்று கேட்டு வராத பெற்றோர் குறைவு. உயரமான பிள்ளைகள் எப்போதும் பின்வரிசை, அவர்கள் முகம் அதற்கேற்றபடி வாடியிருக்கும். பாலேயில் தேவதைகளுக்குப் பின்னால், கோட்டை விட்டு அரைச் சாண் விலகாமல், தலை சாயும் கோணம்கூட ஒன்றாக நிற்கிற பெண்களைப் பார்த்தபோது, அப்படிப் பின்னாலேயே நிற்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் என்னிடம் மெல்லக் கேட்டாள்: “மிஸ், இவங்க எல்லாரும் சம்பளம் வாங்குறவங்களா?” ஆமாம், முழுநேரத் தொழில் அவர்களுக்கு, வருடக்கணக்கில் படித்துத் தேர்வாகி வந்தவர்கள் என்றேன். “லைன்ல நிக்கிறதுக்கா?” என்றாள். லைனில் நிற்பதற்குத்தான். அதன்பிறகு அவள் கண் இளவரசியிடம் போகவில்லை, வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கேள்வி முழுவதும் காலணியைப் பற்றித்தான். நுனிக்காலில் நிற்க அந்தக் காலணிக்குள் இரும்பு இருக்குமா என்றார்கள். இரும்பு இல்லை. துணியையும் தாளையும் பசை தடவி அடுக்கடுக்காகச் சேர்த்து முனையைக் கெட்டியாக்கியிருப்பார்கள். முக்கிய வேடம் ஆடுபவருக்கு ஓர் இரவிலேயே ஒரு ஜோடி நைந்துபோவதுண்டு. இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் பிள்ளைகள் வெறுங்காலோடு நுனிவிரலில் ஏறி நிற்க முயன்றால் தடுத்துவிடுங்கள். பாலே பள்ளிகளிலேயே சில வருடப் பயிற்சிக்குப் பின், காலும் கணுக்காலும் வலுவான பிறகு, பெரும்பாலும் பதினொன்று பன்னிரண்டு வயதில்தான் அந்தக் காலணியைக் கொடுக்கிறார்கள்.

அவர்களிடமிருந்து நாம் உடனே எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது என்றால் அது தரை. பாலே ஆடுவது மரத்தாலான, அடியில் சற்றே இடைவெளி விட்டு அமைத்த, கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற தரையில். குதித்து இறங்கும்போது அதிர்ச்சியைத் தரை வாங்கிக்கொள்ளும். நம் பிள்ளைகள் மொட்டைமாடி சிமெண்டிலும் கிரானைட்டிலும் தட்டடவு போடுகிறார்கள். நம்முடையது தரையைத் தட்டி ஒலி எழுப்புகிற ஆட்டம், அவர்களுடையது சத்தமில்லாமல் இறங்கப் பார்க்கிற ஆட்டம். அப்படியிருக்க, மரத்தரை நமக்கல்லவா முதலில் வேண்டும்? மதுரையில் மாத வாடகைக்கு வகுப்பு நடத்தும் டீச்சர்களுக்கு அது எளிதல்ல, எனக்குத் தெரியும். முழு அறைக்கும் முடியாவிட்டால் சட்டம் அடித்து அதன்மேல் ப்ளைவுட் போட்ட ஒரு சின்ன மேடையாவது செய்யலாம். முட்டிவலியோடு வருகிற பத்து வயதுப் பிள்ளையை, “பழகிடும்” என்று சொல்லி இனியும் ஆடவைக்கக் கூடாது. நான் தச்சரிடம் அளவு கொடுத்துவிட்டேன்.

ஜூனில் வகுப்பு திரும்பத் தொடங்கியபோது ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் பையில் கைவிடக் கூடாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். “நல்லா இருந்துச்சு” என்று சொன்னால் ஏற்றுக்கொள்வதில்லை. எது, எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். முதலில் தப்பு கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருந்தார்கள். இப்போது மெல்ல வேறு மாதிரிப் பேசுகிறார்கள்: “அந்த மூணாவது தீர்மானத்துல மூச்சு வாங்குச்சு, ஆனா கழுத்து ஆடல.” தீர்மானம் என்பது தாளக் கோர்வையை முடித்துவைக்கும் அடவுத் தொகுதி.

அடுத்து நேரில் பார்க்க வேண்டும். ருக்மிணி தேவி இராமாயணத்தை ஆறு பகுதிகளாக, 1955-இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970-இல் மகா பட்டாபிஷேகம் வரை, நாட்டிய நாடகங்களாக அமைத்தார். கலாக்ஷேத்ராவில் அந்த வரிசையில் ஏதாவது மேடையேறும் தேதி பார்த்து, காலையில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போய், ஆட்டம் பார்த்துவிட்டுத் தங்கி மறுநாள் திரும்புவதாகத் திட்டம். தங்குகிற செலவுதான் கொஞ்சம் இடிக்கிறது. இரண்டு அம்மாக்கள் துணைக்கு வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு வெளிநாட்டு டான்ஸ் என்று கேட்டாரே, அந்த அப்பா, ரயில் டிக்கெட் பொறுப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டார்.